எட்டு எழுத்தின் விலை

ஆனந்த விகடன் என்ற பெயரில் எத்தனை எழுத்துக்கள் இருக்கின்றன? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஆ, ன, ந், த, வி, க, ட, ன். எட்டு. எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய். 1928-ஆம் வருஷம் எஸ். எஸ். வாசன் அந்தப் பத்திரிகையை விலைக்கு வாங்கிய கணக்கு இதுதான் என்று பத்திரிகை உலகில் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள்.

முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கத்தரிக்காயைக் கூறு கட்டி விற்பதுபோல் எழுத்தைக் கூறு கட்டி விற்றிருக்கிறார்களே என்று தோன்றிற்று. பிறகு யோசித்துப் பார்த்தேன். வேறு எதை விற்றிருக்க முடியும்? பூதூர் வைத்தியநாதய்யர் 1926-ஆம் வருஷம் பிப்ரவரியில் தொடங்கிய அந்த மாதப் பத்திரிகை இரண்டு வருஷத்துக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஓர் இதழ் வெளிவரவே இல்லை. அதில் விளம்பரம் கொடுத்திருந்த இளைஞர் ஒருவர், "ஏன் இதழ் வரவில்லை?" என்று விசாரித்துக்கொண்டு போனார். திருத்துறைப்பூண்டிக்காரர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, தாயாருடன் சென்னைக்கு வந்து, தபால் மூலம் சாமான் விற்பதும் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுப்பதுமாகப் பிழைத்துக்கொண்டிருந்தவர். அவருக்கு அப்போது வயது 24. விளம்பரத்தைப் பற்றி விசாரிக்கப் போனவர் பத்திரிகையையே வாங்கிக்கொண்டு திரும்பினார்.

கட்டடம் இல்லை, யந்திரம் இல்லை. சந்தாதார்களின் பெயர்களும் இந்த எட்டு எழுத்துமே சொத்து. இதைத்தான் கணக்குப் பிள்ளைகள் 'குட்வில்' என்கிறார்கள். தமிழில் நன்மதிப்பு என்று பாடப் புத்தகங்களில் போட்டிருக்கிறது. ஒரு வியாபாரத்தின் மேஜை நாற்காலி, சரக்கு, வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்தால் ஒரு தொகை நிற்கும். அதற்கு மேல் வாங்குகிறவன் எவ்வளவு கொடுக்கிறானோ அவ்வளவும் நன்மதிப்பு. வாசன் கொடுத்த 200 ரூபாயில் ஏறக்குறைய முழுவதும் நன்மதிப்புத்தான் என்பது என் கணக்கு. அந்த நன்மதிப்பும் அப்போது கொஞ்சம் கிழிந்துதான் இருந்தது. அதைத் தைத்து எடுத்தது வாசனுடைய சாமர்த்தியம்.

எப்படித் தைத்தார் என்பது பலருக்கும் தெரிந்த சமாசாரம். 1930-களின் தொடக்கத்தில் கல்கியைக் கொண்டுவந்து ஆசிரியர் பீடத்தில் அமர்த்தினார். குறுக்கெழுத்துப் போட்டி வைத்தார். ஹாஸ்யப் படங்களுக்கு மாலியைப் பிடித்தார். தொடர்கதைக்காக ஜனங்கள் ரயில்வே ஸ்டேஷனில் காத்துக் கிடக்கும் காலம் வந்தது. பத்திரிகையில் கிடைத்த பணமும் பெயரும் அவரைச் சினிமாவுக்கு இழுத்துப் போயின. மவுண்ட் ரோட்டில் டைரக்டர் கே. சுப்பிரமணியம் முதலியோர் நடத்தி வந்த ஸ்டூடியோ தீப்பிடித்து எரிந்து ஏலத்துக்கு வந்தது. 1941-ல் வாசன் அதை எடுத்தார். தொகை 86,427 ரூபாய் 11 அணா 9 பை. ஏலக்காரரின் சுத்தியல் கடைசிப் பைசா வரைக்கும் பார்த்து அடித்திருக்கிறது! எரிந்துபோன அந்த இடம்தான் ஜெமினி ஸ்டூடியோ ஆயிற்று. 1948-ல் 'சந்திரலேகா' அங்கிருந்துதான் வெளிவந்தது. ஸ்டூடியோ போய்விட்டது. 1973-ல் திறந்த மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயரை வைத்தார்கள். ஆனாலும் பஸ்ஸில் ஏறி "ஜெமினி ஒண்ணு" என்றால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் கிழிக்கிறார். நன்மதிப்பு என்பது எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வாசன் பிறந்த அதே 1904-ல் பிறந்த இன்னொரு மனிதர் வேறு வழியில் போனார். ராம்நாத் கோயங்கா பீகாரிலிருந்து வியாபாரத்துக்காகச் சென்னைக்கு வந்தவர். இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகையை 1932-ல் தொடங்கியவர் அவரல்ல, டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு. வைத்தியர், தேச பக்தர், பணத்தைத் தவிர மற்றெல்லாம் உடையவர். பத்திரிகை சீக்கிரமே பம்பாய் எஸ். சதானந்தின் கைக்குப் போயிற்று. சதானந்த் 1934-ல், பாரதியார் மறைந்த செப்டம்பர் மாதத்து நாளைப் பார்த்து, 'தினமணி'யை ஆரம்பித்தார். டி. எஸ். சொக்கலிங்கம் ஆசிரியர், பக்கத்தில் ஏ. என். சிவராமன். சதானந்துக்கும் பணமுடை. கோயங்கா பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்; வந்தவர் உரிமையாளரானார். 1940-ல் அலுவலகம் தீக்கிரையானபோது போட்டிப் பத்திரிகையான ஹிந்து கை கொடுத்து அச்சிட உதவியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்துப் போட்டியில் அப்படி ஒரு மரியாதை இருந்தது. பிறகு பம்பாயில் 'மார்னிங் ஸ்டாண்டர்ட்' கோயங்கா வசமாகி இந்தியன் எக்ஸ்பிரஸாகப் பெயர் மாறியது. டில்லியில் 'இந்தியன் நியூஸ் கிரானிகிள்' அதே வழியில் போயிற்று. வாசன் வாங்கிய இடத்தில் பழைய பெயர் பெரிதாக வளர்ந்தது. கோயங்கா வாங்கிய இடங்களில் பழைய பெயர் மறைந்து தம்முடைய பெயர் வளர்ந்தது. வாங்குவதில் இப்படி இரண்டு ஜாதி உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மேலும் உதாரணங்களை அடுக்கிப் பக்கத்தை நிரப்ப விருப்பமில்லை. கே. பி. கந்தசாமி 1977-ல் தொடங்கிய 'தினகரன்' 2005-ல் சன் குழுமத்தின் கைக்கு வந்ததும், வந்த வேகத்தில் ஒரு ரூபாய்க்கு விற்கப்பட்டதும் நம்மில் பலர் கண்ணால் பார்த்தவை. விஜய் டெலிவிஷனின் கதை இன்னும் வேடிக்கை. கோல்டன் ஈகிள் என்று பிறந்து, விஜய் மல்லையாவிடம் போய் அவர் பெயரைச் சூடிக்கொண்டு, யூ.டி.வி.க்குப் போய், 2001-ல் ஸ்டாருக்குப் போயிற்று. மல்லையா எங்கேயோ போய்விட்டார். பெயர் மட்டும் கூடவே வருகிறது.

நான் விஸ்தாரமாகச் சொல்ல நினைப்பது வேறொரு கம்பெனியைப் பற்றி. காகிதமும் மையும் இல்லாத பத்திரிகைகளை வாங்கிக் குவித்த கம்பெனி. அதுவும் நம் சென்னைக் கம்பெனி.

ஹைதராபாத்தில் சத்தியம் கம்ப்யூட்டர்ஸ் என்று ஒரு பெரிய ஸ்தாபனம் இருந்தது. அதன் குழந்தையாக 1995 டிசம்பரில் சத்தியம் இன்போவே என்ற கம்பெனி பதிவாயிற்று. தலைமையிடம் சென்னை. நிர்வாகத்தை நடத்தியவர் ஆர். ராமராஜ். அந்த வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதிதான் வி.எஸ்.என்.எல். பொது ஜனங்களுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. சர்க்காரைத் தவிர வேறு யாரும் அந்தச் சரக்கை விற்கக் கூடாது என்றிருந்த நிலை 1998 நவம்பரில் மாறிற்று. மாறியவுடன் முதல் வரிசையில் நின்ற தனியார்களில் ஒருவர் சத்தியம் இன்போவே. டெலிபோன் வயரைச் செருகி, மாடம் என்ற பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தி, கடைசியில் இணைப்பு வந்தால் வரும், வராவிட்டால் மறுபடி டயல் செய்ய வேண்டும். வீட்டில் யாராவது டெலிபோனைத் தூக்கிவிட்டால் அத்தனையும் அறுந்துபோகும். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் அரிச்சந்திர மயான காண்டம் மாதிரிக் கேட்கிறார்கள்.

1999 அக்டோபரில் இந்தக் கம்பெனி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பிடித்தது. இந்திய இன்டர்நெட் கம்பெனி ஒன்று அங்கே ஏறியது அதுவே முதல் தடவை. பங்கு ஒன்றுக்கு 18 டாலர் என்று 48 லட்சம் பங்குகளை விற்றார்கள். நான்கு மாதம் கழித்து, 2000 பிப்ரவரியில் மறுபடியும் போனார்கள். இந்தத் தடவை விலை என்ன தெரியுமா? ஒரு பங்கு 320 டாலர். 18 எங்கே, 320 எங்கே! அந்த நான்கு மாதத்தில் கம்பெனியின் கம்பிகள் பதினெட்டு மடங்கு நீண்டுவிட்டனவா? இல்லை. உலகத்துக்கே ஒரு ஜுரம் கண்டிருந்தது. 'டாட் காம்' என்று பெயருக்குப் பின்னால் ஒட்டுப் போட்டால் தகரமும் தங்கமாகிற காலம். அமெரிக்காவில் ஏ.ஓ.எல். என்ற புதுக் கம்பெனி டைம் வார்னர் என்ற பழம்பெரும் பத்திரிகை, சினிமா ஸ்தாபனத்தையே விழுங்கப் போவதாக 2000 ஜனவரியில் அறிவித்தது. நேற்றுப் பிறந்த பிள்ளை பாட்டனைத் தத்து எடுத்துக்கொள்வதுபோல.

இந்த இரண்டு விற்பனைகளுக்கும் நடுவில், 1999 நவம்பரில், சத்தியம் இன்போவே ஒரு காரியம் செய்தது. பம்பாயில் ராஜேஷ் ஜெயின் என்ற இளைஞர் நடத்தி வந்த இந்தியாவேர்ல்ட் என்ற நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது.

ராஜேஷ் ஜெயின் கெட்டிக்காரர். 1995 மார்ச்சில், அதாவது இந்தியாவில் பொது ஜனங்களுக்கு இன்டர்நெட் வருவதற்கு ஐந்து மாதம் முன்பே, இந்தியச் செய்திகளை இணையத்தில் போட ஆரம்பித்தவர். யாருக்காக? இங்கே பார்க்க ஆளில்லை. அமெரிக்காவில் படிக்கவும் வேலைக்கும் போயிருந்த நம் பிள்ளைகளுக்காக. மாம்பலத்திலிருந்து போன பையன் நியூ ஜெர்ஸியில் பனியில் நடுங்கிக்கொண்டு, ஊரில் மழை பெய்ததா, டெண்டுல்கர் எத்தனை எடுத்தார், ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று தேடுவான். அவனுக்குச் செய்திக்கு 'சமாச்சார்', விளையாட்டுக்கு 'கேல்', தேடுவதற்கு 'கோஜ்', சமையலுக்கு 'பாவர்ச்சி' என்று தளங்கள் வைத்தார். ஹிந்திப் பெயர்கள்தான். ஆனால் ஊர் ஏக்கத்துக்குப் பாஷை பேதம் ஏது? தமிழ்ப் பிள்ளைகளும் அவற்றைத்தான் காலையில் முதலில் திறந்தார்கள்.

வாசன் கணக்கை இங்கே போட்டுப் பார்க்க எனக்கு ஓர் ஆசை. சமாச்சார் ஐந்து எழுத்து. கேல் இரண்டு. கோஜ் இரண்டு. பாவர்ச்சி ஐந்து. ஆக 14 எழுத்து. அந்த மூட்டையில் இன்னும் சில தளங்கள் இருந்தன; இந்த நான்கையே வைத்துக்கொள்வோம். 499 கோடியை 14-ஆல் வகுத்தால் எழுத்துக்கு 35 கோடியே 64 லட்சம் ரூபாய். எழுத்துக்கு 25 ரூபாய் கொடுத்து வாங்கிய தேசத்தில் 71 வருஷத்துக்குப் பின் நடந்த வியாபாரம் இது.

499 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? செருப்புக் கடையில் 500 என்று போடாமல் 499 என்று போடுவது ஞாபகம் வருகிறது எனக்கு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் ஞாபகம் வருகிறது.

முழுப் பணமும் ஒரே நாளில் கைமாறவில்லை. முதலில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவான பகுதியை ரொக்கம் கொடுத்து வாங்கி, மீதிக்கு முன்பணம் கட்டி உரிமை எழுதிக்கொண்டு, 2000-ஆம் வருஷத்தின் நடுவில் பாக்கியை ரொக்கமும் பங்குமாகக் கொடுத்து முடித்தார்கள். நிலம் வாங்குகிறவன் அக்ரிமெண்டு போட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கிரயத்துக்கு நாள் பார்ப்பதில்லையா? அதேதான். ஒரே ஒரு வித்தியாசம். நிலத்தின் விலையில் ஒரு பகுதியைத் தன் பங்குகளாகவே கொடுக்கலாம் என்பது இந்த வியாபாரத்தின் சூட்சுமம். தன் பங்குக்குச் சந்தையில் 320 டாலர் மதிப்பு இருக்கும் வரையில், அது கையிலிருந்து கொடுக்கிற பணமே அல்ல. தானே அடித்துக்கொண்ட நோட்டு. அந்த நோட்டு செல்லுகிற காலத்திலேயே நிஜமான சாமான்களை வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் அந்த வருஷத்தில் எல்லோரையும் பிடித்து ஆட்டிற்று. ஏன் இத்தனை விலை கொடுத்தார்கள் என்று கேட்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வாங்கினவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். செல்லாக் காசாகப் போகிற ஒன்றைக் கொடுத்து, தங்குகிற ஒன்றை வாங்கப் பார்த்தார்கள். எது தங்கும் என்பதில்தான் கணக்குத் தப்பிற்று.

அதே 2000 ஜூலையில் கிரிக்இன்போ என்ற கிரிக்கெட் தளத்தில் கால் பங்கையும் வாங்கினார்கள். விலை 3 கோடியே 75 லட்சம் டாலர், அதுவும் பங்குகளாக. கிரிக்இன்போவின் பூர்வோத்தரம் ரசமானது. 1993-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேயர், ஸ்கோர் தெரியாமல் தவித்து ஆரம்பித்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் கிரிக்கெட்டைச் சீந்துவதில்லை. இந்திய, பாகிஸ்தானிய, இலங்கை மாணவர்களும் சேர்ந்து கூலியில்லாமல் அதை வளர்த்தார்கள். எங்கோ ஒருவன் ரேடியோவில் கேட்டுத் தட்டுவான். வேறெங்கோ நூறு பேர் படிப்பார்கள். கூலியில்லாமல் கட்டிய அந்த மடத்துக்கு ஏழு வருஷத்தில் 15 கோடி டாலர் மதிப்புப் போட்டார்கள். பிறகு அது 2003-ல் விஸ்டன் குழுவோடு சேர்ந்து, 2007-ல் ஈ.எஸ்.பி.என். கைக்குப் போய், இன்றும் நடக்கிறது. வாங்கப்பட்டவற்றில் பிழைத்தது அது.

ஜுரம் 2000 மார்ச்சிலிருந்து இறங்க ஆரம்பித்தது. இறங்கிற்று என்றால் படிப்படியாக அல்ல, கிணற்றில் வாளி விழுந்தமாதிரி. 320 டாலருக்கு விற்ற பங்கு ஒன்றிரண்டு வருஷத்துக்குள் சில டாலருக்கு வந்தது. இந்தியாவேர்ல்டுக்குக் கொடுத்த விலையில் பெரும்பகுதியைக் கம்பெனி தன் கணக்கில் நஷ்டமாக எழுதிக் கழித்தது. எந்தத் தலைப்பில் கழித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? நன்மதிப்பு என்ற தலைப்பில்தான். கணக்கு சாஸ்திரத்தில் அதற்கு இடம் இருக்கிறது. மேஜை தேய்வதுபோல் நன்மதிப்பும் தேயும். தேய்ந்தால் எழுதிக் கழிக்க வேண்டும்.

கம்பெனி செத்துப்போகவில்லை. பெயரைச் சிஃபி என்று சுருக்கிக்கொண்டது. 2005 நவம்பரில் சத்தியம் கம்ப்யூட்டர்ஸ் தன் பங்கை ராஜு வேகேஸ்னாவின் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இது சிஃபியின் ஜாதக விசேஷம் என்றே சொல்வேன். 2009 ஜனவரி 7-ந் தேதி சத்தியத்தின் ராமலிங்க ராஜு, தம் கம்பெனிக் கணக்குகளெல்லாம் பொய் என்று தாமே கடிதம் எழுதி உலகத்தைத் திடுக்கிட வைத்தபோது, சிஃபி அந்த வீட்டைவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. இன்று அது செய்தியை நம்பிப் பிழைக்கவில்லை; பிறருடைய கம்ப்யூட்டர்களுக்கும் தகவல்களுக்கும் இடம் வாடகைக்கு விடுகிற தரவு மையங்களும் கம்பித் தொடர்புமே அதன் பெருந்தொழில். சுருக்கமாகச் சொன்னால், சத்திரத்தில் கதாகாலட்சேபம் நடத்த வந்தவர்கள் அதை விட்டுவிட்டு அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள், அதில்தான் நிலைத்தார்கள். எங்கள் பக்கத்து அம்பத்தூரிலும், லேத் பட்டறைகள் இருந்த பேட்டையில் வேறு கம்பெனிகள் அப்படிப்பட்ட தரவு மையங்களைக் கட்டியிருக்கின்றன. ஜன்னலே இல்லாத பெரிய கட்டடங்கள். உள்ளே மனிதர்களைவிட யந்திரங்களுக்குத்தான் குளிர்ச்சி அதிகம்.

இந்த வரலாற்றில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

நான் குமணன்சாவடிக்காரன். குமணன் என்ற பெயருக்குப் புறநானூற்றில் ஒரு கதை உண்டு. தம்பி இளங்குமணன் அண்ணன் தலைக்கு விலை வைத்தான். காட்டில் ஒளிந்திருந்த குமணன், பரிசில் கேட்டு வந்த பெருந்தலைச் சாத்தனாரிடம் வாளை நீட்டி, "என் தலையைக் கொண்டுபோய் அந்த விலையை வாங்கிக்கொள்ளும்" என்றான். அந்தக் குமணனுக்கும் இந்தச் சாவடிக்கும் நான் உறவு கற்பிக்க வரவில்லை. பூந்தமல்லிக்குப் போகிற லாரிகளும் பஸ்களும் திணறி நிற்கிற நாற்சந்தி எங்கள் ஊர். அங்கே புலவருக்குத் தலையும் கிடைப்பதில்லை, விலையும் கிடைப்பதில்லை.

2000-ஆம் வருஷத்தில் அந்தச் சாலையோரத்தில் ஒரு மாடியில் பிரௌஸிங் சென்டர் ஒன்று திறந்தது. பிளைவுட் தடுப்புக்களுக்குள் ஆறு கம்ப்யூட்டர். மணிக்கு 30 ரூபாய். அப்போது நான் இன்டர்மீடியட் அளவோடு காலேஜை நிறுத்திவிட்டு, கதை எழுதிக்கொண்டு, எழுதினதைப் பத்திரிகைகளுக்கு அனுப்பித் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்த காலம். வெளிநாட்டுத் தமிழர் ஒருவர் இணையத்தில் நடத்திய ஒரு சின்னப் பத்திரிகையின் விலாசம் கிடைத்தது. தபால் தலை வேண்டாம். திரும்பி வருகிற உறையும் வேண்டாம். மூன்று கதைகள் அனுப்பினேன். மூன்றும் வந்தன. என் பெயர் முதன்முதலில் அச்சேறாமல் ஏறியது அங்கேதான்.

அந்தக் காலத்தில் தமிழை இணையத்தில் ஏற்றுவது லேசான காரியமல்ல. ஆளுக்கு ஓர் எழுத்துரு. ஒருவர் எழுத்துருவில் எழுதியது இன்னொருவர் எழுத்துருவில் பேய்க் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் தமிழக சர்க்கார் சென்னையில் மாநாடு கூட்டி ஒரு தரம் வகுத்தது. உலகத் தமிழர்கள் தமக்குள் கூடிப் பேசி வேறொரு தரம் வகுத்திருந்தார்கள். இரண்டையும் விட்டுவிட்டுப் பலர் தம் இஷ்டப்படி போனார்கள். பிரௌஸிங் சென்டர்க்காரர் எனக்காக ஓர் எழுத்துருவை இறக்கி வைத்திருந்தார். "தம்பி, டைம் ஆயிடிச்சு, இன்னும் அரை மணி போட்டுக்கவா?" என்று தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டுவார். "ஒரே பாராதான் அண்ணே" என்பேன். எத்தனையோ நாள் அந்த ஒரு பாராவுக்குக் காசு வாங்கவில்லை.

இரண்டு மூன்று வருஷத்தில் அந்தப் பத்திரிகையை ஒரு கம்பெனி வாங்கிற்று. பெரிய விலை ஒன்றும் இருந்திருக்காது. வாங்கினவர்களுக்கு வேண்டியிருந்தது அதன் பெயரும், அங்கே வந்து போகிறவர்களின் எண்ணிக்கையும். பழைய இதழ்கள் வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் விலாசத்தைத் தட்டினேன். கல்யாண விளம்பரம் வந்தது. மறு வருஷம் தட்டினேன், ஒன்றும் வரவில்லை.

எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. ஜியோசிட்டீஸ் என்று ஓர் இடம் இருந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று அமெரிக்காவில் இணையப் புறம்போக்கு மாதிரி திறந்து விட்டார்கள். உலகம் முழுவதிலும் லட்சக்கணக்கானவர்கள் அங்கே குடியேறினார்கள். தமிழர்களில் பலரின் முதல் பக்கம் அங்கேதான். யாஹூ அதை 1999-ல் 350 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிற்று. பத்து வருஷம் கழித்து, 2009 அக்டோபரில், லாபமில்லை என்று ஒரே நாளில் இடித்துத் தள்ளிற்று. பதறிப்போன சில தொண்டர்கள் இடிபாட்டிலிருந்து முடிந்ததை அள்ளினார்கள். அதே காலத்தில் சுவிட்ஸர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை யாரும் வாங்கவில்லை. அது விற்பனைக்கும் இல்லை. பழந்தமிழ் நூல்கள் அங்கே அப்படியே இருக்கின்றன.

அதனால் வாங்குவதே பாவம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். கிடைத்த பணத்தையெல்லாம் பழைய புத்தகத்திலும் பத்திரிகையிலும் போட்டார். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைகூட விடவில்லை. 1992-ல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே அவர் பெயரில் நூலகம் வைத்து, தாள் தாளாகப் படமெடுத்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்தது. வாங்கினவன் பெயர் மறைந்து விற்றவர் பெயர் நிற்கிறது. முன்னே சொன்ன இரண்டு ஜாதியிலும் சேராத மூன்றாவது ஜாதி. அந்த நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது. சிஃபியின் தலைமை அலுவலகம் இருக்கிற டைடல் பார்க்கும் அதே தரமணிதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வெயில் தாழ நடந்தே போகலாம்.

எங்கள் ஊர்ப் பழைய பேப்பர் கடையிலும் ஒரு விலை உண்டு. எழுத்துக்கல்ல, எடைக்கு. அங்கே நான் விகடன் தொடர்கதைகளைக் கிழித்து யாரோ ஒரு மாமி பைண்டு செய்து வைத்திருந்த வால்யூம் ஒன்றை வாங்கினேன். அட்டையில் பென்சிலால் சலவைக் கணக்கு. நடுநடுவே தைலாபிஷேக விளம்பரம். பூச்சி அரித்திருந்தது, ஆனால் ஒரு அத்தியாயம் குறையவில்லை. அந்தப் பத்திரிகையை யார் விற்றார், யார் வாங்கினார், பங்கு என்ன விலை போயிற்று என்பதெல்லாம் அந்த மாமியின் பைண்டைத் தொடவே முடியாது. வீட்டு வீட்டுக்கு ஒரு பிரதி இருந்தது. இணையப் பத்திரிகைக்கு ஒரே பிரதி. அதன் சாவி முதலாளியின் இடுப்பில்.

அமெரிக்காவில் புரூஸ்டர் கேல் என்பவர் 1996-லிருந்து இணையப் பக்கங்களைப் படியெடுத்துச் சேர்த்து வைத்துவருகிறார். 2001-லிருந்து யாரும் அதைத் திறந்து பார்க்கலாம். சென்ற வருஷம் எதிர் வீட்டுப் பெண் காலேஜ் லீவில் வந்திருந்தபோது, "பெரியப்பா, உங்க பழைய கதையை நான் தேடிப் பார்க்கட்டுமா?" என்றாள். மாயமான அந்தப் பத்திரிகையின் விலாசத்தைக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் பொருளடக்கப் பக்கம் ஒன்று வந்தது. என் பெயர் இருந்தது. மூன்று தலைப்புக்களும் இருந்தன. முதல் இரண்டைத் தொட்டால் ஒன்றும் திறக்கவில்லை. மூன்றாவது திறந்தது, திரை முழுவதும் ரோமன் எழுத்துக்களும் ஆச்சரியக் குறிகளும் அடைப்புக் குறிகளுமாகக் கொட்டிக் கிடந்தது. எழுத்துரு செத்துப் போயிருந்தது.

"இதுக்கு மாத்துற கருவி இருக்கு பெரியப்பா" என்று சொல்லி அவள் என்னவோ செய்தாள். கிறுக்கல் மெல்ல மெல்லத் தமிழாயிற்று. 'ழ' வர வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு கட்டம் நின்றது. அதை அவள் கையால் திருத்திக்கொண்டே வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் எந்தச் சொல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கதையில் முக்கால்வாசி கிடைத்தது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் தகப்பனும் பிள்ளையும் பேசாமல் நிற்கிற கட்டம் வரைக்கும் இருக்கிறது. அதன் கீழே 'அடுத்த பக்கம்' என்று இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் படியெடுக்கவில்லை.

"அப்புறம் என்ன ஆச்சு பெரியப்பா? பையன் பேசினானா?" என்று கேட்டாள்.

எழுதிக்கொண்டிருக்கிறேன்.